வாத்தியார் வீட்டு மானிட்டர்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் அவருக்கு மஞ்சத்துணி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது, அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. எந்த மெஷினைத் தொட்டாலும் வேலை முடிந்த கையோடு பையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுப்பார். கண்ணாடி துடைக்கிற மருந்தைப் பீய்ச்சி, மூலை முடுக்கு விடாமல் துடைத்து, பளிச்சென்று ஆக்கிய பிறகுதான் சொந்தக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார். "வெளிய கிளம்புற பிள்ளைக்கு முகம் கழுவி விடாமலா அனுப்புறோம்?" என்று கேட்பார். அந்தத் துணியால் அவருக்கு அதுவரை நல்ல பெயரைத் தவிர வேறொன்றும் வந்ததில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் மூன்றாவது மாடி வீடு ஒன்றின் கதவைத் தட்டினார். கதவுக்குப் பின்னாலேயே காத்திருந்த மாதிரி உடனே திறந்தது. திறந்தவர் உதட்டின் மேல் விரலை வைத்தார்.

"மெதுவா வாங்கண்ணே. அவ தூங்குறா."

அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். வயது நாற்பதைத் தொட்டிருக்காது, முகம் அறுபதைத் தாண்டியிருந்தது. பாகம் பாகமாகத் தானே வாங்கி, வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டியிருந்தார். விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, படம் மட்டும் வரவில்லை. போனில் அவர் சொன்னது அவ்வளவுதான். மஞ்சத்துணிக்கு இது பழகின கதை. தானே மெஷின் பூட்டிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்த்துவிடுவார்.

"ஸ்க்ரூ ஏதாவது மிச்சம் இருக்கா சார்?" என்று அவரும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நாலஞ்சு இருக்கும்."

"அவ்வளவுதானா? அப்ப நல்லாத்தான் பூட்டியிருக்கீங்க."

வாத்தியார் சிரிக்கவில்லை. உதடு மட்டும் மரியாதைக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

கடைசி அறைக்குக் கூட்டிப்போனார். வாசலிலேயே ஒரு வாசனை மூக்கில் ஏறியது. இருமலுக்குக் கொடுப்பார்களே, அந்தத் தித்திப்பான சிவப்பு மருந்தின் வாசனை. ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. சின்னக் கட்டில், மடிப்புக் கலையாத சின்னப் போர்வை. சுவரில் ஓர் ஆள் இடுப்பு உயரம் வரைக்கும் கிரேயான் கிறுக்கல்கள், அதற்கு மேல் வெறும் வெள்ளை. மேஜையில் தடித்த விளிம்பு வைத்த பழைய மானிட்டர். பக்கத்தில் புத்தம்புதுப் பெட்டி, யார் வீட்டுக்கோ வந்த விருந்தாளி மாதிரிக் கூச்சத்தோடு நின்றது.

"பையன் ரூமா சார்? ஸ்கூல் போயிருக்கானா?"

"இல்லைண்ணே."

"வெளியூர்ல படிக்கிறானா?"

"இல்லை." வாத்தியார் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இல்லைண்ணே."



வாத்தியாரே சொன்னார். மெதுவாக, பக்கத்து அறைக்குக் கேட்காமல். இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். காய்ச்சல்தான், வந்தால் போய்விடும் என்று நினைத்தார்கள். போனது அவன். மூன்று வருஷம் ஆகிறது. அவன் போன கொஞ்ச நாளில் பழைய கம்ப்யூட்டரும் செத்துப்போனது. அன்றைக்கு இந்த மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்த இவர் மனைவி இன்னும் எழுந்திருக்கவில்லை. நல்ல வேலையில் இருந்தவர், அதையும் விட்டுவிட்டார். காலையில் இவர் பள்ளிக்கூடம் கிளம்பும்போதும் இந்த நாற்காலி, சாயங்காலம் திரும்பி வரும்போதும் இந்த நாற்காலி.

"எதிர்ல ஒண்ணுமே இல்லைண்ணே. வெறும் கறுப்பு. அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா." அவர் புதுப் பெட்டியின் மேல் கை வைத்தார். "பழைய ஹார்ட் டிஸ்கை இதுல மாட்டியிருக்கேன். அவன் போட்டோ, அவன் பாடினது, ஆடினது எல்லாம் அதுல இருக்கு. படம் மட்டும் வந்துட்டா, அந்தக் கறுப்புக்குப் பதிலா அவனைப் பார்ப்பா. அழுவா. அழட்டும். அழுதுட்டு எழுந்து வந்துடுவா. இல்லைன்னா நான் இவளையும்..."

முடிக்கவில்லை. முடிக்கவும் வேண்டியிருக்கவில்லை.

"வேற மானிட்டர் வாங்கி ஹால்ல வெச்சிருக்கலாமே சார்?"

"இந்த நாற்காலியை விட்டு எழுந்தாத்தானே ஹாலுக்கு வருவா. இன்னிக்கு டாக்டர் தந்த மாத்திரையைக் கொடுத்துத்தான் தூங்க வெச்சிருக்கேன். அவ எழுந்திரிக்கறதுக்குள்ள படம் வந்துடணும்ணே."

மஞ்சத்துணி பையைக் கீழே வைத்தார். இந்த வேலை முடியாமல் இந்த வீட்டுப் படியை இறங்குவதில்லை என்று அவர் மனம் அப்போதே சொல்லிவிட்டது.

பொத்தானை அழுத்தினார். விசிறிகள் உயிர் பெற்றுச் சுற்றின. மானிட்டரின் கீழ் விளிம்பில் ஓர் ஆரஞ்சு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. படம் வந்து சேராவிட்டால் அந்த விளக்கு அப்படித்தான் கண் சிமிட்டும். கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி மாட்டினார். சிமிட்டல் நிற்கவில்லை. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தார். அடித்ததுமே தெரிந்துவிட்டது. ரேம் பட்டைகள் இரண்டும் பள்ளத்தில் பாதிதான் இறங்கியிருந்தன.

"ரேமுக்கு எதுக்கு சார் இவ்வளவு மரியாதை? அமுக்கியிருக்கக் கூடாதா?"

"அமுக்கினா உடைஞ்சிடுமோன்னு பயம்ணே."

"அதுக்காக, குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி வெச்சா..." என்று வாய் முந்திக்கொண்டது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். வாத்தியார் காதில் விழாத மாதிரி நின்றார்.

கட்டைவிரலால் அழுத்தினார். டக். அடுத்தது, டக். மறுபடி பொத்தான். பெட்டி 'பீப்' என்று ஒரு தடவை கூவியது. எல்லாம் நலம் என்று அர்த்தம். மானிட்டரின் ஆரஞ்சு விளக்கு பச்சைக்கு மாறி நிலையாக எரிந்தது.

திரை மட்டும் அதே கறுப்பு.

மஞ்சத்துணிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பச்சை எரிந்தால் படம் வந்து சேர்ந்துவிட்டது. வந்து சேர்ந்த படம் எங்கே போனது? அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் வாத்தியார், அவருக்குப் பின்னால் ஜன்னல் திரை. வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது.

தட்.

சின்ன உள்ளங்கையால் கண்ணாடியில் அடித்த மாதிரி ஒரு சத்தம்.

"ஏதாவது கேட்டுச்சா சார்?"

"மழைண்ணே."

ஜன்னல் இருந்தது பின்னால். சத்தம் வந்தது முன்னால்.

அவர் கண்ணாடியை உற்றுப் பார்த்தார். அவருடைய முகத்தின் நிழலுக்குக் கீழே, மோவாய் இருக்க வேண்டிய இடத்தில், வட்டமாக ஒரு வெண்மை படர்ந்திருந்தது. மூச்சு பட்டால் கண்ணாடியில் பூக்குமே, அந்த மாதிரி. தன் மூச்சுதான் என்று நினைத்துப் பின்னால் சாய்ந்தார்.

வெண்மை போகவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

வெண்மை சுருங்கியது. விரிந்தது. சுருங்கியது. ஓடி வந்து நின்ற பிள்ளையின் மூச்சு மாதிரி, வேகவேகமாக.

 மழைக்காலம், ஈரம், பழைய கண்ணாடி என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். எத்தனை வீடு பார்த்தவர், எத்தனை மெஷின் பார்த்தவர், இதற்கெல்லாம் பயந்தால் பிழைப்பு நடக்குமா? சொன்ன சமாதானம் தொண்டைக்குக் கீழே இறங்க மறுத்தது. கைக்கு ஏதாவது வேலை கொடுத்தால் தேவலை என்று டார்ச்சை எடுத்து, கண்ணாடிக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். திரைக்குப் பின்னால் எரியும் பின் விளக்கு போன மானிட்டரில் படம் இருக்கிறதா என்று பார்க்க அது ஒரு வழி.

படம் இருந்தது. கறுப்புக்கு அடியில், தண்ணீருக்குள் கிடக்கும் காசு மாதிரி மங்கலாக என்னவோ தெரிந்தது. கண்ணாடியின் மேலே எண்ணெய்ப் பிசுக்காகச் சில தீற்றல்கள். அவர் பார்த்தது படத்தைத்தான். பிசுக்கை அவர் கண் மட்டும் குறித்து வைத்துக்கொண்டது, துடைக்க வேண்டும் என்று.

"சார், படம் வந்திருக்கு! வெளிச்சம்தான் இல்லை."

மானிட்டரின் அடியில் இருந்த சின்னப் பொத்தான்களைத் தடவினார். மெனு திறந்தது. டார்ச் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிப் படித்தார். பிரைட்னஸ் பூஜ்யம். கான்ட்ராஸ்ட் பூஜ்யம்.

"யாரோ வேணும்னே குறைச்சு வெச்சிருக்காங்க சார்."

"யாரு குறைப்பா? இதை யாருமே தொடறதில்லையே."

பொத்தானை அழுத்தி அழுத்தி ஏற்றினார். விடிகிற மாதிரி மெல்ல மெல்ல வெளிச்சம் வந்தது. முதலில் ஒரு கோடு போட்ட சட்டை. அதன் மேல் ஒரு கழுத்து. அப்புறம் முன்பல் இரண்டும் விழுந்த வாயோடு, தலையில் ஓர் அட்டைப்பெட்டியைத் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு, திரை முழுக்கச் சிரிப்பாக ஒரு பையன்.

"டேய்," என்றார் வாத்தியார்.

அவ்வளவுதான் அவரால் முடிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணீர் கன்னத்தில் இறங்கி மோவாயில் சொட்டியது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. பிறகு சட்டென்று திரும்பி, "அவளை எழுப்பிக் கூட்டிட்டு வர்றேன்ணே. ஒரே நிமிஷம்," என்று ஓடினார். அந்த வீட்டில் யாரோ ஓடி வெகு காலம் ஆகியிருக்க வேண்டும்.

மஞ்சத்துணியின் கை பைக்குள் போனது. மனத்தைக் கேட்டுக்கொண்டு போகவில்லை, பழக்கத்தில் போனது. தாய் வந்து பார்க்கப் போகிறாள், பிள்ளை முகத்தில் ஓர் அழுக்கு இருக்கலாமா? மருந்தைப் பீய்ச்சினார். துணியை வைத்துத் தேய்த்தார்.

கண்ணாடி சூடாக இருந்தது.

முழுதாக இல்லை. ஓர் இடத்தில் மட்டும். துணிக்கு நேர் அடியில்.

துணியை இடது பக்கம் நகர்த்தினார். சூடும் இடது பக்கம் வந்தது. மேலே கொண்டுபோனார். கூடவே வந்தது. கண்ணாடியின் அந்தப் பக்கத்திலிருந்து, சின்னதாக, மெத்தென்று ஏதோ ஒன்று அவர் உள்ளங்கையை எதிர்த்துத் தள்ளியது. வேண்டாம் வேண்டாம் என்று தள்ளுகிற மாதிரி.

பின் விளக்கின் சூடாக இருக்கும் என்று நினைத்து அவர் இன்னும் அழுத்தித் துடைத்தார். கடைசி இழுப்பில் அந்தச் சூடு சட்டென்று நின்றது. கண்ணாடி பனிக்கட்டியாகச் சில்லிட்டது. அவர் கையை உதறிக்கொண்டார். திரை பளபளவென்று இருந்தது. பையன் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தான்.

வாசலில் அந்தப் பெண் வந்து நின்றாள். தூக்கம் முழுதாகக் கலையாத கண், வாராத தலை. நடை பழகும் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி வாத்தியார் அவள் கையைப் பிடித்திருந்தார். "பாரு," என்றார். "யாரு வந்திருக்கான்னு பாரு."

அவள் படத்தைப் பார்க்கவில்லை. நேராக மானிட்டருக்கு வந்து, குனிந்து, கன்னம் கண்ணாடியில் உரசிவிடும் போலத் தலையைச் சாய்த்து ஒரு பக்கத்திலிருந்து பார்த்தாள். அந்தப் பக்கம் போய் அங்கிருந்தும் பார்த்தாள். மஞ்சத்துணி சற்று முன் டார்ச்சோடு பார்த்த அதே சாய்வு.

"துடைச்சீங்களா அண்ணா?"

"ஆமாம்மா. அழுக்கா இருந்துச்சு..."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். கத்தவில்லை. அவர் கையிலிருந்த மஞ்சள் துணியை மெதுவாக வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மடிப்பைப் பிரித்தாள். திரை வெளிச்சத்தில் காட்டி, ஒவ்வொரு மடிப்பாகத் தேடினாள். அவர் துடைத்தெடுத்த பிசுக்கைத்தான் தேடுகிறாள் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"காய்ச்சல் அன்னிக்கு ராத்திரி எழுந்து வந்தான்," என்று துணியிடம் சொன்னாள். "இதுல ஏதோ படம் ஓடிட்டிருந்துச்சு. கண்ணாடி மேல கையை வெச்சு, 'ம்மா, இதுவும் என்னை மாதிரி சுடுது'ன்னான். அஞ்சு விரலும் அப்படியே பதிஞ்சிருந்துச்சு. வெளிச்சம் வந்தா தெரியாது. இருட்டுலதான் தெரியும். அதான் கம்ப்யூட்டர் போறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் குறைச்சு வெச்சேன்."

 "நீ சொல்லவே இல்லையே," என்றார் வாத்தியார்.

"நீங்க கேட்கவே இல்லையே." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "சாப்பிடுன்னு சொன்னீங்க. எழுந்திருன்னு சொன்னீங்க. டாக்டரைக் கூட்டிட்டு வந்தீங்க. என்னத்தைப் பார்க்கறேன்னு ஒரு நாள் கேட்டீங்களா?"

 வெறும் கறுப்பு என்று வாத்தியார் நினைத்திருந்த இடத்தில் அவர் பிள்ளையின் கை இருந்திருக்கிறது. அதை அழிக்க ஆளைக் கூப்பிட்டு, கதவைத் திறந்துவிட்டதும் அவரேதான்.

"மூணு வருஷமா நான் தொட்டதே இல்லை," என்றாள். "தொட்டா அழிஞ்சிடும்ல? கொஞ்சம் இடம் விட்டு, என் கையை அதுக்கு நேரா பிடிச்சுப் பார்ப்பேன். அவன் நடுவிரல் என் விரல்ல ரெண்டாவது ரேகையோட நின்னுடும். அவ்வளவு சின்னக் கை."

"அவன் சிரிக்கிறான் பாரும்மா," என்று வாத்தியார் கெஞ்சினார். "இந்தா, எதிர்லயே இருக்கான்."

"இது நீங்க போன்ல எடுத்தது. உங்களைப் பார்த்துச் சிரிக்கிறான். கையை எனக்குத்தான் காட்டினான்."

மஞ்சத்துணி மன்னிச்சிடும்மா என்று சொல்ல வாயெடுத்தார்.  மன்னிப்புக் கேட்டுத் திருப்பித் தருகிற பொருளா அது?

அவள் எழுந்தாள். மானிட்டரின் அடியில் கையைக் கொடுத்து, பார்க்காமலே அந்தப் பொத்தானைப் பிடித்தாள். பையனின் சிரிப்பு மங்கியது. அட்டைப்பெட்டித் தொப்பி போனது, கோடு போட்ட சட்டை போனது. வாத்தியார் ஒரு கையை நீட்டினார், ஆனால் தடுக்கவில்லை. திரை கறுத்தது. அறையில் மழை இருட்டு நிறைந்தது. 

தட்.

வாத்தியார் தலை தூக்கினார். இந்தத் தடவை மழை என்று அவர் சொல்லவில்லை.

அந்த மருந்து வாசனை திடீரென்று பக்கத்தில் வந்தது. பாட்டிலை யாரோ மூக்குக்குக் கீழே திறந்த மாதிரி.

மஞ்சத்துணி டார்ச்சை எடுத்தார். அதைச் சாய்த்துப் பிடித்தார். அவர் துடைத்த கண்ணாடி, ஒரு தூசு இல்லை.

நடுவில் ஒரு வெண்மை பூத்தது. சுருங்கியது. விரிந்தது.

அதன் பக்கத்தில் ஒரு புள்ளி.

விரல் நுனி அளவுக்கு, வட்டமாக, ரேகையோடு.

இன்னொன்று.

இன்னொன்று.

ஐந்தும் வந்தன. பிறகு அவற்றுக்குக் கீழே உள்ளங்கை, தயங்கித் தயங்கி, கனத்தை ஊன்றுகிற மாதிரி முழுதாகப் பதிந்தது.

ஓடிவிடலாம் என்றது மஞ்சத்துணியின் மனம். டார்ச்சை மட்டும் அவர் அணைக்கவில்லை. வாத்தியார் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்திருந்தார். அவளுக்கு மட்டும் பயமே இல்லை. ஒரு விரலை நீட்டி, அந்தத் தடத்தின் ஓரத்தைத் தொட்டாள். தொட்டதும் பதறிக் கையை இழுத்துக்கொண்டாள், பழைய பழக்கத்தில். தடம் கலையவில்லை. அவளுடைய விரல் ரேகைதான் அதன் மேல் புதிதாகப் பதிந்திருந்தது. அவளுடையது கண்ணாடிக்கு இந்தப் பக்கம். அது அந்தப் பக்கம்.

வாழ்க்கை முழுக்கக் கண்ணாடி துடைத்தவருக்கு அது ஒரு பார்வையில் தெரிந்தது. எந்தத் துணியும் இனி அதை எட்டாது.

"தொடலாம்," என்றாள் அவள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. "இப்ப தொடலாம்."

உள்ளங்கையின் அடி அடியோடு பொருந்துகிற மாதிரி, தன் கையை முழுதாக அதன் மேல் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. மூன்று வருஷமாக அழாத அழுகை சத்தமே இல்லாமல் வந்தது. வெகு நேரம் கழித்துக் கையை எடுத்தாள். தன் விரல்களைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"இங்க வாங்களேன்," என்று கணவனைக் கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையைக் கதவோரம் நிறுத்தி உயரம் பார்க்கிற தாயின் குரல். "ரெண்டாவது ரேகையோட நின்னுடும்னு சொன்னேன்ல? பாருங்க. இப்ப என் நகம் வரைக்கும் வருது."

வாத்தியார் அசையவில்லை.

"வளர்ந்துட்டான். நம்ம இல்லாமலே எவ்வளவு வளர்ந்துட்டான் பாருங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டே அவர் வந்தார். பிள்ளை போன பிறகு ஒரு நாளும் உட்காராத அந்த நாற்காலியின் பக்கத்தில், மனைவியை ஒட்டி நின்றார். சாக்பீஸ் தூள் படிந்த கையைத் தூக்கினார். அவருக்காக அங்கே ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஒரு தடவைகூடக் கேட்காதவனுக்கு என்ன இருக்கும்? கை பாதியில் நின்றது.

அவர் கை போய்ச் சேருவதற்கு முன்பே, அந்த இடத்தில், கண்ணாடிக்கு உள்ளேயிருந்து அவனுடைய இன்னொரு கை பதிந்து காத்திருந்தது.